பொம்மை இல்ல பாஸ்... கியர்பாக்ஸ்!

மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கிற மக்கள்ஸ் எல்லாரும் கொஞ்சம் கையைத் தூக்குங்க. டிஃபரன்ஷியல் படம் வரைவீங்கதானே? பென்சிலைச் சீவி, ஸ்கேல் வச்சு, கிரவுன் வீல், பினியன், சன் கியர்னு அம்புக்குறி போட்டு, அந்தப் பெரிய கேள்விக்கான மொத்த மார்க்கையும் அள்ளிடுவீங்க. சூப்பர்!

அடுத்த கேள்வி. அந்த டிஃபரன்ஷியலைக் கையால சுத்திப் பார்த்திருக்கீங்களா? ஒரு பக்கச் சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்தினா, எதிர்ப்பக்கச் சக்கரம் என்ன பண்ணும்னு விரலால உணர்ந்திருக்கீங்களா?

தூக்கின கையில பாதி இந்நேரம் இறங்கியிருக்கும். விடுங்க, உங்க மேல தப்பில்லை. லேப்ல இருக்கிற ஒரே ஒரு கட் செக்‌ஷன் மாடலைச் சுத்தி அறுபது பேர் நின்னா, நமக்குத் தெரியுறது முன்னாடி நிக்கிறவனோட பின்னந்தலைதான்!

அந்த டிஃபரன்ஷியலை உள்ளங்கையில வச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு. ஆனா, சொன்னா வீட்டுல சிரிப்பாங்க. ஏன்னா, அதோட பேரு பொம்மை!

லெகோவில் ஒரு பெரியண்ணன்

லெகோ தெரியும். கலர் கலரா, மேல குமிழ் வச்ச பிளாஸ்டிக் கட்டிகள். வீடு கட்டலாம், கோட்டை கட்டலாம், ராத்திரி கரன்ட் போனா அப்பா காலில் குத்தி உதையும் வாங்கலாம். டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ல் தொடங்கிய கம்பெனி அது. டேனிஷ் மொழியில் 'நல்லா விளையாடு' என்று அர்த்தம் வரும் இரண்டு வார்த்தைகளை ஒட்டி வைத்த பேர்தான் லெகோ. இன்று நாம் பார்க்கும் கட்டிக்கு 1958-ல் பேட்டன்ட் போட்டார்கள். அன்றைய கட்டி இன்றைய கட்டியோடு 'க்ளிக்' என்று உட்காரும்.

அதே வீட்டில் பிறந்த இன்னொரு பிள்ளைதான் 'டெக்னிக்'. வயசு 1977-லிருந்து கணக்கு. இதில் கட்டிகளை விட முக்கியம், ஓட்டை போட்ட பீம்கள், பிளஸ் வடிவ ஆக்ஸில்கள், பின்கள், கியர்கள், யுனிவர்சல் ஜாயின்ட்கள். 1980-ல் வந்த கார் சேஸிஸ் செட்டில் டிஃபரன்ஷியல் வந்துவிட்டது. 1994-ல் வந்த சூப்பர் காரில் நாலு சக்கர டிரைவ், நாலு சக்கர ஸ்டீயரிங், நாலு ஸ்பீடு கியர்பாக்ஸ்! 2007-ல் 'பவர் ஃபங்ஷன்ஸ்' என்ற புது மோட்டார் குடும்பமும், அதை வைத்து ரிமோட்டில் ஓடும் புல்டோசரும் வந்தன. 2019-ல் வந்த லீபெர் ஆர் 9800 எக்ஸ்கவேட்டரில் 4,108 துண்டுகள், ஏழு மோட்டார்கள். ஓட்டுவது செல்போனில்!

இதையெல்லாம் எட்டு வயசுப் பையனா உட்கார்ந்து கட்டுவான்? உலகம் முழுக்க இதைக் கட்டுகிறவர்களில் இன்ஜினீயர்கள், டாக்டர்கள், ரிட்டயர் ஆன தாத்தாக்கள்கூட உண்டு. போலந்துக்காரர் பாவெல் க்மியெச், 'சாரியல்' என்ற பேரில் பிரபலம். டேங்க், டிரக் என்று மோட்டார் வண்டிகளாகக் கட்டித் தள்ளியவர், டெக்னிக் கட்டுவது எப்படி என்று 2012-ல் ஒரு முழு புத்தகமே போட்டார். கியர் ரேஷியோ, டார்க், சஸ்பென்ஷன் என்று ஓடும் அந்தப் புத்தகத்தைப் பார்த்தால், நம்ம தியரி ஆஃப் மெஷின்ஸ் பேப்பர் ஜாலியா டிரெஸ் போட்டு வந்த மாதிரி இருக்கும். லெகோ கம்பெனியே 2020-லிருந்து சில பெட்டிகளில் '18+' என்று அச்சடிக்க ஆரம்பித்தது. ஆக, வயசு இடிக்குதுனு யாராவது சொன்னா பெட்டியைத் திருப்பிக் காட்டுங்க!

பொம்மையில் ஒரு கம்ப்யூட்டர்

"எருமை மாடு மாதிரி வளர்ந்துட்டு இன்னும் பொம்மையா?"னு கேட்கிற அம்மாவுக்குச் சொல்ல ஒரு சரித்திரக் கதை இருக்கு.

லெகோவுக்கு முன்னால் உலகத்துப் பசங்களின் ஹீரோ மெக்கானோ. லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901-ல் பேட்டன்ட் வாங்கியது. ஓட்டை போட்ட உலோகப் பட்டைகள், நட்டு, போல்ட்டு, கியர். நம்ம ஊர்ல 'மெக்கானிக்ஸ்'ங்கிற பேர்ல வந்த இதோட தம்பியைப் பலர் முடுக்கியிருப்பீங்க.

1934-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற பேராசிரியரும், அவருடைய மாணவர் ஆர்தர் போர்ட்டரும் இந்த மெக்கானோ பீஸ்களை வைத்து ஒரு மெஷின் கட்டினார்கள். என்ன மெஷின்? டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்களைப் போடும் மெஷின்! எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டர் பிறக்காத காலத்தில், கியரும் ஆக்ஸிலும் சுற்றிச் சுற்றி விடையைக் கோடாக வரைந்தன. செலவு சுமார் 20 பவுண்டு. அணுவுக்குள் எலெக்ட்ரான்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்ற கணக்குக்கெல்லாம் அதைப் பயன்படுத்தினார்கள்.

ஒரு புரொஃபசர், ஒரு ஸ்டூடன்ட், ஒரு பெட்டி பொம்மை. நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட்டைக் கடையில காசு கொடுத்து வாங்குற ஆளுங்க இந்த இடத்துல கொஞ்சம் தலையைக் குனிஞ்சுக்கலாம்!

மாட்யூல் ஒன்று... ஞாபகம் வருதா?

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, நல்லா இருக்கும்.

லெகோவில் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடையே 8 மி.மீ. டெக்னிக் பீமில் ஓட்டைக்கு ஓட்டை இடைவெளியும் அதே 8 மி.மீ. கியர்களில் 8 பல், 16 பல், 24 பல், 40 பல் என்று வகைகள். 8 பல் கியரின் பிட்ச் விட்டம் 8 மி.மீ. 24 பல்லுக்கு 24 மி.மீ. அதாவது... மாட்யூல் ஒன்று! மெஷின் டிசைன் கிளாஸில் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதிய அதே மாட்யூல்தான்.

இதனால் என்ன லாபம்? 8 பல்லையும் 24 பல்லையும் கடிக்க வைத்தால் இரண்டு மையங்களுக்கும் இடையே 16 மி.மீ. சரியாக இரண்டு ஓட்டை தூரம். 16-ம் 16-ம் சேர்ந்தாலும் அதே இரண்டு ஓட்டை. 8-ம் 40-ம் சேர்ந்தால் 24 மி.மீ., மூன்று ஓட்டை. ஆகவே ஸ்கேல் எடுக்காமல், ஓட்டையை எண்ணியே ஒரு கியர்பாக்ஸ் டிசைன் பண்ணிவிடலாம்.

இப்போ ஒரு வண்டி. மோட்டார் நிமிடத்துக்கு 400 சுற்று என்று வையுங்க. பவர் ஃபங்ஷன்ஸ் நடுத்தர மோட்டார் லோடு இல்லாமல் கிட்டத்தட்ட அவ்வளவுதான் சுற்றும். மோட்டாரில் 8 பல், சக்கர ஆக்ஸிலில் 40 பல். வேகம் ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு 80 சுற்று. சக்கரத்தின் விட்டம் 62 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 195 மி.மீ. நகரும். 80 சுற்றுக்கு 15.6 மீட்டர். நொடிக்கு 26 சென்டிமீட்டர்! கால்குலேட்டரில் வந்த விடையைத் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு சரிபார்க்க முடிகிற கணக்கு, நம்ம சிலபஸில் எத்தனை இருக்கு சொல்லுங்க?

(பேட்டரி பெட்டியில் ஆறு பென் டார்ச் செல், மொத்தம் 9 வோல்ட். ரீசார்ஜ் செல் போட்டால் 7.2 வோல்ட்தான். வண்டி சோம்பேறி ஆகும். கணக்கு உதைக்குதேனு குழம்பாதீங்க!)

கடற்கரையில் ஒரு வைவா

மண்டபத்தூர் மாதிரி கடற்கரை ஊரில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்க. ஃபைபர் போட்டை டிராக்டர் கட்டிக் கரைக்கு இழுப்பார்கள். டிராக்டர் ஆமை மாதிரி நகரும். ஆனால், ஈர மணலில் போட் ஊர்ந்து வந்துவிடும். வேகத்தை விற்று, இழுவையை வாங்குகிறது கியர்பாக்ஸ். இதையே நம்ம மாடல் வண்டியில் செய்து பாருங்க. 8-க்கு 24 போட்டு, பின்னால் ஒரு செங்கல்லைக் கட்டுங்க. மோட்டார் முனகும், வண்டி நகராது. அதற்குப் பின்னால் இன்னொரு 8-க்கு 40 சேருங்க. மூன்று பெருக்கல் ஐந்து, பதினைந்து மடங்கு. பல்லும் டயரும் தாங்கினால் செங்கல் நகரும்!

இனி டிஃபரன்ஷியலுக்கு வருவோம். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காகத்தான் டிஃபரன்ஷியல். கட்டிப் பார்த்துவிட்டு ஒரு சக்கரத்தை விரலால் பிடித்து நிறுத்துங்க. எதிர்ச்சக்கரம் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும். அதே வண்டியை ஒரு பக்கச் சக்கரம் அந்தரத்தில் இருக்கிற மாதிரி மணலில் வையுங்க. அந்தரத்துச் சக்கரம் ஜாலியா சுத்தும், மணலில் இருக்கிற சக்கரம் அசையாது. சேற்றில் சிக்கிய வண்டியின் கதை இதுதான். டிராக்டரில் 'டிஃபரன்ஷியல் லாக்' பெடல் எதுக்குனு அந்த நிமிஷம் புரியும். நோட்ஸில் மூன்று வரியில் இருக்கிற அந்த லாக்கை, நீங்களே ஒரு பீஸைத் தள்ளி இரண்டு ஆக்ஸிலையும் சேர்த்துப் பூட்டி உண்டாக்கும்போது... ஆஹா, அந்த ஃபீலிங்கே தனி!

ஒரு ரிக்வெஸ்ட். பெட்டியில் இருக்கிற வெளிநாட்டு வண்டியோடு நின்னுடாதீங்க. சொந்த டிசைனில் கட்டுவதுதான் இந்த ஹாபியின் உச்சம். நம்ம டெல்டாவில் என்ன பஞ்சம்? ஈர வயலில் இறங்கும் பெல்ட் மெஷினைக் கட்டுங்க. அதுக்கு ஸ்டீயரிங் ராடே வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு மோட்டார், ஒன்றை நிறுத்தினால் அந்தப் பக்கம் திரும்பும். இல்லையா, தேரைக் கட்டுங்க. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன். அதுக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல். அவ்வளவு பெரிய வண்டிக்கு ஸ்டீயரிங் கிடையாது. முட்டுக்கட்டை போட்டே திருப்புகிறார்கள். மோட்டார் வைத்த குட்டித் தேர் ஒன்று நாலு வீதி மூலையிலும் தானாகத் திரும்ப வேண்டும் என்றால் எப்படிக் கட்டுவீங்க? யோசிங்க... விடையை எனக்கும் சொல்லுங்க!

அரியர் இல்லாத பரீட்சை

உண்மையைச் சொல்லிடறேன். முதல் தடவை உங்க வண்டி ஓடாது. 'டக்... டக்... டக்'னு ஒரு சத்தம் வரும். கியர் பல் தாவுகிற சத்தம். காரணம், ஆக்ஸிலைத் தாங்கும் பீம் வளைகிறது. இரண்டு பக்கமும் பீம் கொடுத்து இறுக்கினால் சத்தம் நிற்கும். அடுத்து, பிளாஸ்டிக் ஆக்ஸில் முறுக்கு மாதிரி திருகிக்கொள்ளும். மோட்டார் பக்கத்திலேயே வேகத்தைக் குறைத்து, முழு டார்க்கையும் நீளமான ஆக்ஸில் வழியாக அனுப்பியதன் பலன். கடைசிக் கியர் குறைப்பைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஆக்ஸில் தப்பிக்கும். நிஜ டிராக்டரில் 'ஃபைனல் டிரைவ்' சக்கரத்தின் அருகில் உட்கார்ந்திருப்பதன் ரகசியமும் இதுதான். சரினு ஏழெட்டு கியரை வரிசையாக அடுக்கினால், ஒவ்வொரு ஜோடியும் உராய்வில் கொஞ்சம் கொஞ்சம் சக்தியைத் தின்று, கடைசியில் சக்கரத்துக்கு மிச்சம் எதுவும் வராது.

நாம படிக்கிற படிப்புல தப்பு பண்ணினா என்ன ஆகும்? அரியர். ஃபீஸ். வீட்டுல பேச்சு. பேர் போர்டில் சிவப்பு மை. அதனால தப்பே பண்ணாம, யாரோ போட்டு வச்ச விடையை அப்படியே எழுதிட்டு வர்றதுக்குப் பழகிட்டோம். பாஜா மாதிரி போட்டிக்கு நிஜ வண்டி கட்டுகிற டீம் காலேஜில் இருக்கலாம். ஆனா, ஒரு வண்டிக்கு லட்சக்கணக்கில் ஸ்பான்சர் வேணும், டீமில் இடம் கிடைக்கணும். வெல்டிங் அடித்த பிறகு 'மச்சி, ரேஷியோ தப்பு'னு சொன்னா கேப்டன் அடிக்க வருவான். இங்கே தப்பு பண்ணினா, பின்னைக் கழட்டிட்டு மறுபடி மாட்டலாம். ஒரு பைசா நஷ்டம் இல்லை. இருபது தடவை தப்பு பண்ண அனுமதி உள்ள ஒரு இடம் இன்ஜினீயரிங் மாணவனுக்கு வேற எங்கே இருக்கு? இதுக்காகத்தான் இந்த வாரப் பக்கத்தையே பொம்மைக்குக் கொடுத்தேன்.

இதனால கேம்பஸ்ல வேலை கிடைக்குமா? சத்தியமா உத்தரவாதம் கிடையாது. ஆனா, இன்டர்வியூவில் 'டிஃபரன்ஷியல் எப்படி வேலை செய்யும்?'னு கேட்டா, பார்த்த படத்தை மனசுல தேடாம, விரல் உணர்ந்ததைச் சொல்லுவீங்க.

சரி... காசு?

அங்கேதான் இடிக்குது. வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவிகிதத்திலிருந்து 60-க்குத் தாவியது. 2023-ல் 70 ஆனது. லெகோவின் அங்கீகாரம் பெற்ற முதல் கடை இந்தியாவில் திறந்ததே 2025-ல்தான், அதுவும் குருகிராமில். பெரிய டெக்னிக் செட்டின் விலையைப் பார்த்தால் செமஸ்டர் ஃபீஸ் ஞாபகம் வரும். மாங்கனித் திருவிழா கடைத்தெருவில் பேரம் பேசி வாங்குகிற சமாசாரம் இல்லை. ஹாஸ்டல் பசங்களின் பட்ஜெட்டுக்கு என்ன வழி?

* கம்ப்யூட்டரில் கட்டுங்க: 'எல்டிரா' என்று ஒரு இலவச சாஃப்ட்வேர். 1995-ல் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் எழுதியது. லெகோ பீஸ்களை வைத்துத் திரையிலேயே மாடல் கட்டலாம். டிசைன் பழக ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

* கூட்டாஞ்சோறு: நாலு பேர் சேர்ந்து ஒரு செட். பெட்டியில் இருக்கும் மாடலை ஒரு தடவை கட்டியதும் பிரித்து, பீஸ்களைப் பொதுவில் வைத்துச் சொந்த மாடல்கள். டெக்னிக்கின் மதிப்பே பிரிக்கும்போதுதான் ஆரம்பம்.

* ஒத்துப்போகும் கட்டிகள்: கட்டியின் பேட்டன்ட் காலம் எப்பவோ முடிந்துவிட்டது. அதன் வடிவத்தை டிரேட்மார்க் ஆக்க லெகோ எடுத்த முயற்சியை ஐரோப்பிய நீதிமன்றம் 2010-ல் நிராகரித்தது. ஆகவே லெகோவோடு பொருந்தும் வேறு பிராண்ட் பீஸ்கள் வாங்குவதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். லெகோ என்றே பேர் போட்டு வரும் டூப்ளிகேட்தான் தப்பு. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பார்த்து வாங்குங்க.

* பி.ஓ. மோட்டார்: ரோபோட்டிக்ஸ் ஒர்க்‌ஷாப்பில் பார்த்த அந்த மஞ்சள் கலர் மோட்டார்தான். உள்ளேயே கியர் உண்டு, விலை குறைவு. டெக்னிக் ஆக்ஸிலோடு இணைக்க ஒரு கப்ளிங்கை 3டி பிரின்டரில் எடுக்கலாம். பிரின்டர்? பக்கத்துப் பள்ளியில் 'அடல் டிங்கரிங் லேப்' இருக்கிறதா பாருங்க. 2016-ல் நிதி ஆயோக் ஆரம்பித்த திட்டம், ஒரு பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை நிதி. ஹெட்மாஸ்டரிடம் பணிவாகக் கேட்டு, தம்பி தங்கைகளுக்குச் சொல்லித் தருகிற சாக்கில் உள்ளே போங்க. அவங்க உங்களுக்குச் சொல்லித் தந்தாலும் வெட்கப்படாதீங்க!

அதுவும் முடியலையா? அர்விந்த் குப்தாவைப் பிடிங்க. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனேயில் டெல்கோ டிரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1978-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் கிராமத்துப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டத்தில் சேர்ந்தபோது, அவர் கையில் எடுத்தது தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூப்பும்! டியூப்பைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினால் ஜாயின்ட் ரெடி. மூன்று குச்சி சேர்ந்தால் முக்கோணம், அசையாது. நாலு குச்சி சேர்ந்தால் சதுரம், சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி போட்டால் சதுரமும் நிற்கும். 4,108 துண்டு எக்ஸ்கவேட்டரின் கை வளையாமல் இருப்பதற்கும் இதே விதிதான். குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வால்வு டியூப் வாங்க காரைக்கால் சைக்கிள் கடைக்குப் போனால் போதும்.

யோசிச்சுப் பார்த்தா நாம எல்லாரும் ஏற்கெனவே வண்டி கட்டினவங்கதான். ரெண்டு நுங்குக் கூந்தல், நடுவுல ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கம்பு... நுங்கு வண்டி! அதுல மோட்டார் மட்டும்தான் பாக்கி இருந்துச்சு.

கொசுறு

* ஸ்டீவ் சமார்ட்டினோ என்ற ஆஸ்திரேலியரும் ராவுல் ஒய்டா என்ற ருமேனிய இளைஞரும் சேர்ந்து 2013-ல் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான லெகோ பீஸ்களால் நிஜ சைஸ் கார் கட்டினார்கள். இன்ஜினும் லெகோதான். 256 பிஸ்டன்கள், பெட்ரோலுக்குப் பதில் அழுத்தப்பட்ட காற்று!

* 2018-ல் லெகோ கம்பெனியே நிஜ சைஸ் புகாட்டி ஷிரான் கட்டியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டெக்னிக் பீஸ்கள், 2,304 குட்டி மோட்டார்கள், சுமார் 1,500 கிலோ எடை. ஆள் உட்கார்ந்து 20 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட்டினார்கள். நிஜ புகாட்டி 400-ஐத் தாண்டும். அதனால் என்ன... இதைக் கழட்டி மறுபடி மாட்டலாமே!

அப்புறம் என்ன... பரண்ல கிடக்கிற பழைய பொம்மைப் பெட்டியை இறக்குங்க. முதல் வண்டி நகர்ந்ததும், கிண்டல் பண்ணின ரூம்மேட் கையில ரிமோட்டைக் கொடுங்க. ரெண்டு நிமிஷத்துல "மச்சி, ரேஷியோவைக் கொஞ்சம் மாத்திப் பார்ப்போமா?"னு கேட்பான் பாருங்க!

அடுத்த வாரம் சந்திப்போம்!